எத்தனையாவது அத்தியாயம்?

ஹாலிஸ் மில், மிசூரி
செப்டம்பர் 12, 1994

டெல்மர்,

நீயும் நானும் தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடுகிறது. அது ஹேட்டியின் அறைவரை கேட்கிறது. இனி ஆறு மாதத்துக்கு எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று போதகர் வெய்லண்ட் சொன்னபோது நீயும் தலையாட்டினாய். ஆகவே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை நீ அவளுக்குக் கொடுத்த புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அட்டையில் குதிரை இருப்பதால் அது குதிரைக் கதை ஆகிவிடாது. மூன்றாவது அத்தியாயத்தில் குதிரைக்காரனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். அதன்பிறகு அவன் சொட்டச் சொட்ட நனைந்தபடி புத்தகம் முழுக்கத் திரும்பி வந்துகொண்டே இருக்கிறான். நம் பெண்ணுக்குப் பத்து வயது. நான்கு நாளாகக் குளியலறைக்குத் தனியாகப் போக மறுக்கிறாள்.

சபையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒன்பது தாய்மார்கள் ஒரு புத்தகப் பட்டியல் வைத்திருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அதை நீ கேலி செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது. செய்துகொள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான் படிக்காத எதுவும் ஹேட்டியின் கைக்குப் போகாது. இனி உனக்கும் அதே விதி. முழுதாகப் படித்திருந்தால் கொடு. இல்லாவிட்டால் சட்டை வாங்கிக் கொடு. பதினோரு வருடத்தில் நீ ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஆகவே சட்டை என்றே வைத்துக்கொள்கிறேன். அளவு பன்னிரண்டு.

லீட்டா


அமரில்லோ, டெக்சஸ்
செப்டம்பர் 27, 1994

லீட்டாவுக்கு,

சட்டை வாங்கவில்லை.

உன் கடிதத்தை ஜாப்ளினில் என் அறை வாசலில் நின்றபடியே படித்தேன். கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கிணற்று ஆளின் கதையை நானே படித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மறுநாள் நெடுஞ்சாலையில் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

நேராக நூலகத்துக்குப் போனேன். சிரிக்காதே. பிள்ளைகள் பகுதியில் பெக் அம்மா என்று ஒருவர் இருக்கிறார். "பத்து வயசுப் பொண்ணுக்கு ஒரு புத்தகம் வேணும். பேய் கூடாது. அவங்க அம்மா ரொம்பக் கண்டிப்பு" என்றேன். அவர் என் பூட்ஸிலிருந்து தொப்பிவரை பார்த்தார்.

"படிக்கப்போறது பொண்ணா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கறதா பாத்துத் தரேன்."

நூலகத்தில் வேண்டாமென்று கழித்துவைத்த அடுக்கிலிருந்து அவர் எடுத்துக்கொடுத்ததுதான் இத்துடன் வருகிறது. ஒற்றைக் கண் கோவேறு கழுதை ஒன்றை ஒரு பெண் வளர்க்கிறாள். படித்து முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. வெங்காயம் இறக்க இங்கே நான்கு மணிநேரம் காக்கவைத்தார்கள். வண்டிப் படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டிக்காரன் ஓட்டிஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னடா, திரும்ப ஸ்கூல்ல சேந்துட்டியா?"

"வீட்டுப்பாடம்."

"யாரு டீச்சர்?"

"என் பழைய பொண்டாட்டி."

"அப்ப ஒழுங்கா படிடா. கண்டிப்பா பெயில் பண்ணிடுவா."

இனி விவரம். எழுபத்தோராம் பக்கத்தில் சந்தைக்காரன் ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறான். ஒரே ஒருமுறைதான். நான் அமரில்லோவுக்குள் நுழைவதற்குள் அதையே நாற்பது முறை சொல்லியிருப்பேன், ஆனாலும் விதி விதிதான், அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் கழுதையை விற்றுவிடுகிறார்கள். அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. பிறகு அது என்ன ஆயிற்றென்று தெரியாமல் ஓட்ட முடியவில்லை. பயப்படாதே, முடிவு நல்லபடிதான்.

நீயும் படித்துவிட்டு அவளிடம் கொடு.

டெல்மர்


ஹாலிஸ் மில்
அக்டோபர் 10, 1994

டெல்மர்,

படித்தேன். நல்ல புத்தகம். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லப்போவதில்லை.

ஹேட்டி இரண்டு நாளில் முடித்துவிட்டாள். முதல் கேள்வி கழுதையைப் பற்றியே இல்லை. "அப்பா இத முழுசா படிச்சாரா? நெஜமாவா? நடுவுல தாண்டாமலா?" என்றாள். ஆமாம் என்றேன். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூற்றுப்பத்தாம் பக்கத்தில் காப்பிக் கறை இருக்கிறது. அது உன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எழுபத்தோராம் பக்கத்து வார்த்தையின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டாள். "அம்மா, இதுக்காகவா இவ்வளவு?" என்று கேட்டாள். பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் மார்வா ஓடெல்லிடமும் கொடுத்தேன். அவளுக்கும் பிடித்திருந்தது. பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கிறாய். கெட்டது எதுவுமே நடக்காத கதையை நான் தேடவில்லை. புத்தகத்தை மூடியதும் பிள்ளைக்கு நிம்மதியாகத் தூக்கம் வரவேண்டும். மறுநாள் எழுந்தால் கொஞ்சம் நல்லவளாக இருக்கலாமே என்று தோன்றவேண்டும். நான் பார்ப்பது அவ்வளவுதான்.

இன்னொன்றும் அனுப்பலாம்.

லீட்டா


ஜாப்ளின், மிசூரி
நவம்பர் 7, 1994

லீட்டாவுக்கு,

மூன்று பிள்ளைகள் ஆற்றில் படகு ஓட்டும் கதையை அவளிடமே கொடுத்தேன், நீ ஏற்கெனவே படித்த புத்தகம் என்று அவள் சொன்னதால். ஆனால் இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக.

சனிக்கிழமை பாலத்தருகே உள்ள உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு பச்சை நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்படி ஒரு நோட்டு இருப்பது உனக்குத் தெரியுமா? உங்கள் பட்டியலில் அப்பா வீட்டில் இல்லாத கதைகளை மட்டும் அதில் எழுதி வைத்திருக்கிறாள். மொத்தம் பதினான்கு. ஒன்றில் அப்பா போருக்குப் போயிருக்கிறார். ஒன்றில் சுரங்கத்தில். ஒன்றில் சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வேறொன்றில் அலாஸ்காவில். ஒவ்வொன்றுக்கும் நேராக, அவர் எந்த அத்தியாயத்தில் திரும்பி வருகிறார் என்று குறித்திருக்கிறாள்.

"பதினாலுலயும் வந்துடறாருப்பா. அநேகமா கடைசிக்கு முந்தின அத்தியாயம். கதையில கிறிஸ்துமஸ் வந்தா அதுக்குள்ள வந்துடுவாரு. பாத்தியா, ஒண்ணுகூட தப்பல."

நல்ல கணக்கு என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நாம இப்ப எத்தனாவது அத்தியாயத்துல இருக்கோம்?"

லீட்டா, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியவில்லை. ஐஸ்கிரீம் கேட்டேன். இரண்டு கிண்ணம்.

டெல்மர்


ஹாலிஸ் மில்
நவம்பர் 12, 1994

டெல்மர்,

ஐஸ்கிரீம் பதில் ஆகாது.

நோட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அவள் சின்னப் பிள்ளை, எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். போன வருடம் வேலிக்கம்பங்களை எண்ணினாள். இதைப் பெரிதாக்காதே. அவளிடம் ஏதாவது சொல்லிவைத்தாயா, அதையாவது நேர்மையாக எழுது. காலப்போக்கில் அவளே புரிந்துகொள்வாள்.

அந்தப் பதினான்கு புத்தகத்தையும் தேர்ந்தெடுத்தது நான். நல்ல புத்தகங்கள் அவை. அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.

லீட்டா


சலினாஸ், கலிஃபோர்னியா
நவம்பர் 19, 1994

லீட்டாவுக்கு,

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் என் கவலையே.

கிளம்புவதற்கு முன் பெக் அம்மாவிடம் போனேன். "அப்பா திரும்பி வராத புத்தகம் இருக்கா?" என்றேன். "செத்துப்போறாரா?" என்றார். "இல்ல. உயிரோடதான் இருக்காரு. வேற வீட்டுல இருக்காரு." அவர் உடனே எழுந்து போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அப்புறம்தான் போனார். கொண்டுவந்தது இது, 'வியாழக்கிழமை வீடு'.

இரண்டுமுறை படித்தேன். கீரை ஏற்றக் காத்திருந்த வரிசையில் ஒருமுறை, மலைச்சாலையில் பனியில் மாட்டிக்கொண்டபோது ஒருமுறை. பேய் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. ஒரு பெண்ணின் அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிடுகிறார்கள். அவள் வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே. அவளுக்குக் கோபம். அப்பாவின் ஜன்னலைக் கல்லால் அடித்து உடைக்கிறாள். ஊரே சேர்ந்து அவர்களைச் சேர்த்துவைக்கப்போகிறது என்று நான் பக்கத்துக்குப் பக்கம் எதிர்பார்த்தேன். ஒருவரும் சேர்த்துவைக்கவில்லை. ஆனாலும் கடைசியில் அவள் நன்றாக இருக்கிறாள். இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கத்தான் இரண்டாவது தடவை படித்தேன்.

ஹேட்டியிடம் காட்டவில்லை. நீ முதலில் படி. நிம்மதியாகத் தூக்கம் வரவேண்டும் என்றாயே, இது வரவைக்கும் என்று நினைக்கிறேன். உடனே அல்ல. கொஞ்சம் பிறகு.

டெல்மர்


ஹாலிஸ் மில்
நவம்பர் 28, 1994

டெல்மர்,

புத்தகம் இத்துடன் திரும்பி வருகிறது. நாற்பத்துமூன்று பக்கம் படித்தேன். அது போதும்.

மார்வாவிடமும் காட்டினேன். "இத படிச்சா புள்ளைங்க பிரியறது ஒண்ணும் பெரிய விஷயமில்லன்னு நெனச்சுக்கும் லீட்டா" என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கல்யாணம் என்றால் என்னவென்று நான் ஹேட்டிக்குச் சொல்லித்தருவது ஒன்று, இந்தப் புத்தகம் சொல்வது இன்னொன்று.

இந்தக் கதை யாருக்கு வசதியானது என்று கொஞ்சம் யோசித்துப் பார். அப்பா வேறு வீட்டில் இருக்கலாம், பெண் கோபம் தணிந்து சிரித்துக்கொண்டே வருவாள், எல்லாம் சுபம். இரண்டு முறை ஏன் படித்தாய் என்று எனக்குப் புரிகிறது.

லீட்டா


ஜாப்ளின்
டிசம்பர் 5, 1994

லீட்டா,

உன் கடிதத்துக்கு அன்றே பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் சனிக்கிழமை ஒன்று நடந்தது.

நீ மளிகைக்குப் போயிருந்தாய். ஹேட்டி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய துணி அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒரு பாதி காலியாக இருந்தது. "உன் சட்டைக்கு எடம் பண்ணி வெச்சிருக்கேன். அம்மாவோடதுல எடம் இல்ல, அதான்" என்றாள். உனக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டேன். "அம்மாதான். அப்பா லாரி ஓட்டறத விடட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னாங்க."

ஏப்ரலில் விவாகரத்து கேட்டது நீ. நான் வருடத்துக்கு எழுபது நாள்கூட வீட்டில் இருந்ததில்லை, நீ கேட்டதில் நியாயம் இருந்தது, நீதிபதி முன்னாலும் நான் மறுக்கவில்லை. ஊரில் எல்லோரும் டெல்மர் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பேசுகிறார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நீ இந்த ஊரில்தான் இருக்கவேண்டும், எனக்கு அப்படியில்லை. ஆனால் ஹேட்டியிடமும் அதையே சொல்லி, அதற்குமேல் 'பார்க்கலாம்' என்றும் சொல்லி வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் 'பார்க்கலாமை' நம்பித்தான் அந்தப் பிள்ளை தன் கவுன்களை மடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறாள்.

எது நல்ல புத்தகம் என்று இவ்வளவு பார்க்கிற நீ இதைப் பார்க்காமல் விட்டுவிட்டாயே.

நான் தனியாகச் சொல்ல மாட்டேன். நீ சொல்லும்போது நானும் பக்கத்தில் இருக்கவேண்டும். நாள் மட்டும் சொல்.

டெல்மர்


ஹாலிஸ் மில்
டிசம்பர் 20, 1994

டெல்மர்,

முதலில் இது: ஹேட்டி நலமாக இருக்கிறாள். சளி மட்டும்தான்.

நேற்று மதியம் அவளுக்குப் பின்னக் கணக்கு கொடுத்துவிட்டு ரொட்டியைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. கோட்டும் இல்லை. கொட்டகை, ஓடை, பக்கத்து வீடு என்று எல்லா இடமும் தேடினேன். வெளியே மழையும் பனியும் கலந்து ஊசிபோல விழுந்துகொண்டிருந்தது. ஒன்றரை மணிநேரம். அந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

தீவனக் கடை டல்லிதான் அவளைக் கூட்டிவந்தார். இரண்டு மைல் நடந்து, நெடுஞ்சாலையிலிருந்து லாரிகள் திரும்புகிற முக்கில் நின்றிருக்கிறாள். உன் பழைய கம்பளிக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. டல்லி கேட்டாராம், "இங்க என்னம்மா பண்றே?" என்று. "அப்பா இந்த வாரம் வருவாரு. எல்லாத்துலயும் இப்பதான் வருவாரு. அவருக்குக் குளிருமேன்னு கோட்டு எடுத்துட்டு வந்தேன்" என்றாளாம். டல்லி என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவளை வெந்நீரில் உட்காரவைத்துக் காலைத் தேய்த்துவிட்டேன். "அம்மா, நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேனா?" என்றாள். பின்னக் கணக்கைக் கேட்கிறாள் என்று நினைத்து, இல்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் புரிந்தது.

அந்தப் புத்தகத்தை நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் நிறுத்தியது கதை மோசம் என்பதால் அல்ல. அந்தப் பக்கத்தில் அம்மா பெண்ணிடம், "அவர் போகல. நான்தான் போகச் சொன்னேன்" என்று சொல்கிறாள். அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் அவளை எப்படிப் பார்ப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. மார்வாவிடம் போய் நின்றது, அவள் வேண்டாமென்று சொல்லவேண்டும் என்பதற்காகத்தான். அவளும் சொன்னாள்.

அதைத் தூக்கிப்போட்டுவிட்டாயா? போடவில்லையென்றால் எடுத்துக்கொண்டு வா. எந்த நாள் என்று நீயே சொல்.

லீட்டா


ஜாப்ளின்
டிசம்பர் 22, 1994

லீட்டாவுக்கு,

தூக்கிப்போடவில்லை. வண்டி இருக்கையின் கீழேயே இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். அன்றைக்கு என் வண்டி வாசலில் நின்றால் அவள் கணக்கு சரியென்று ஆகிவிடும். அப்புறம் நாம் சொல்வது எதுவும் அவள் காதில் ஏறாது. இருபத்தேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன். மூன்று நாள் விடுப்பு கேட்டு வாங்கிவிட்டேன். டல்லியின் கடை மாடியில் தங்கிக்கொள்வேன்.

வருவேன் என்று அவளிடம் இப்போதே சொல்லிவிடு. தங்க வரவில்லை, பேசவும் படிக்கவும் வருகிறேன் என்று சொல். அந்த முக்கில் அவள் இனி நிற்கக்கூடாது.

மீதிப் பக்கங்களை நாம் மூன்று பேரும் சேர்ந்து படிக்கலாம். அந்தப் பெண் அவள் அம்மாவை எப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீ பயப்படுவது போல் இல்லை.

டெல்மர்


ஹாலிஸ் மில்
ஜனவரி 6, 1995

டெல்மர்,

நீ போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருந்தாய். சொல்கிறேன். அதற்குமுன், நீ பார்க்காத ஒன்றைச் சொல்லவேண்டும்.

"நான்தான் கேட்டேன் ஹேட்டி. அப்பா போகல" என்று நான் சொன்னதும், அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி உன் வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள் அல்லவா? நீ கதவைத் தட்டுவாய், கத்துவாய் என்று நினைத்துச் சமையலறை ஜன்னலில் நின்றேன். நீ வண்டிப் படியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாய், மூடிய கண்ணாடியைப் பார்த்து. நீ வாய்விட்டுப் படித்து நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. ஏதோ ஒரு நீளமான வார்த்தையில் மாட்டிக்கொண்டாய். நான்கு தடவை முயன்றாய். அப்போது கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கியது. உள்ளிருந்தபடியே அவள் அந்த வார்த்தையைச் சரியாகச் சொன்னாள். நீ நன்றி சொல்லிவிட்டு மேலே படித்தாய். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

நீ கிளம்பிய பிறகு நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பாடம் எழுதினாள், தட்டைக் கழுவினாள், பேச்சு மட்டும் இல்லை. அந்தப் பச்சை நோட்டைக் கொண்டுபோய்த் தன் படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டாள். நானும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"ஏன் கேட்டே?"

மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, பத்து வயது தாங்குகிற அளவு. "உன் அப்பா நல்லவரு. ஆனா அவர் வீட்டுல இருக்கறப்பவும் நான் தனியாத்தான் இருந்தேன். அது என்னை ரொம்பக் கோபக்காரியா ஆக்கிடுச்சு. அந்தக் கோபத்தோடயே உன்னை வளக்க எனக்குப் பயமா இருந்துது" என்றேன்.

"அந்தப் புத்தகத்துல வர்ற அம்மா இவ்வளவு நல்லாச் சொல்லல" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணும் சரியில்ல. ஒரே ஒரு ஜன்னலத்தான் ஒடச்சா. நானா இருந்தா ரெண்டு" என்றாள். நம் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அழுகை இன்னும் முடியவில்லை டெல்மர். திடீர் திடீரென்று வருகிறது. வரும்போது என் பக்கம்தான் வந்து நிற்கிறாள். நான் எதிர்பார்க்காதது அது.

செவ்வாய்க்கிழமை தாய்மார்கள் கூடினோம். புத்தகத்தை மேஜைமேல் வைத்து, டெல்மர் விட்டுவிட்டுப் போகவில்லை, கேட்டது நான் என்று முதலில் சொன்னேன். மார்வாதான் பேசினாள், கடுமையாக அல்ல. "லீட்டா, இத பட்டியல்ல சேக்க முடியாது."

"வேண்டாம். என் அலமாரியில இருக்கும். கேக்கறவங்க வந்து வாங்கிக்கட்டும்" என்றேன்.

இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டார்கள், சமையலறைக் கதவு வழியாக. யாரென்று எழுதமாட்டேன். ஒருத்தி அதை எதற்காகக் கேட்டாள் என்று தெரிந்ததும் அவளை உட்காரவைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் அவளை உன் இடத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை. போகட்டும்.

லீட்டா


ஜாப்ளின்
பிப்ரவரி 5, 1995, ஞாயிறு காலை

லீட்டாவுக்கு,

இதை அவள் பையிலேயே போட்டுவிடுகிறேன். தபாலுக்கு வேலை இல்லை.

என் அறை அவளுக்குப் பிடிக்கவில்லை. அறைக்குக் கீழே உள்ள கராஜின் டயர் நாற்றம் அடிக்கிறதாம், திரைச்சீலை ஆஸ்பத்திரி போல இருக்கிறதாம். நேற்றுக் காலை முழுக்கக் கட்டிலையும் மேஜையையும் மாற்றி மாற்றிப் போட்டோம். எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். கடைசியில் முதலில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "இப்பதான் சரியா இருக்கு" என்றாள்.

மதியம் நூலகத்துக்குப் போனோம். பெக் அம்மா அவளுக்கு உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தார். முகவரி என்ன என்று கேட்டார். ஹேட்டி என்னைப் பார்த்தாள். "ரெண்டு இருக்கு" என்றாள். அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம். பெக் அம்மா ஹாலிஸ் மில்லை அதில் எழுதிக்கொண்டு, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் என் முகவரியை எழுதினார். "எங்களுக்குப் புத்தகம் திரும்பி வந்தா சரி. எந்த வீட்டுலேருந்து வந்தா என்ன?" என்றார்.

நூலகப் படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். "அப்பா, நீ இங்க சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டாள். எனக்கு ஐஸ்கிரீம் கடை எங்கே என்றுதான் முதலில் கண் போனது. பிறகு உண்மையைச் சொன்னேன். "சில நாள் இருக்கேன். சில நாள் இல்ல."

வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "எனக்கும் அப்படித்தான்" என்றாள். "இப்ப இல்லாத நாள் கொஞ்சம் கம்மி." மீதி சாண்ட்விச்சை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அவள் நான்கு புத்தகம் எடுத்திருக்கிறாள். நான் ஒன்றையும் படிக்கவில்லை. நீயும் படித்திருக்க மாட்டாய். எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம் என்று பார்த்தாள். ஒன்றைப் பாதியில் மூடி, "இது இப்ப வேணாம், அடுத்த வருஷம்" என்று தானே அடுக்கில் திருப்பி வைத்தாள். அவள் அப்படி வைத்ததை நீ பார்த்திருக்கவேண்டும் லீட்டா. உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு வைத்தாள். அதற்கப்புறம் நான் விலகிப் போய் டிராக்டர் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குள் கொண்டுவந்து விடுகிறேன். இப்போது அவள் ஜன்னலோரம் தலைகீழாகப் படுத்து, காலைச் சுவரில் வைத்துக்கொண்டு அந்த நான்கில் ஒன்றைப் படிக்கிறாள். இதை எழுதும்போதே இரண்டு தடவை சத்தமாகச் சிரித்துவிட்டாள். அப்படி என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவள் படித்து முடிக்கட்டும்.

டெல்மர்